வேலி போடாத வயல்கள்

லாக்ஸ்டனில் விவசாயிகள் எல்லாரும் ஊருக்குள்தான் குடியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் கிராமப்புறத்தை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தெரியும். பச்சை நிலத்தின் நடுவே தன்னந்தனியாக ஒரு பண்ணைவீடு வரும். கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொன்று வரும். அவரவர் நிலத்துக்கு நடுவில் அவரவர் வீடு, சுற்றிலும் உயிர்வேலி. லாக்ஸ்டன் அப்படிப்பட்ட ஊர் இல்லை. அங்கே செங்கல் வீடுகள் பக்கச் சுவரைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். வீட்டை ஒட்டிப் பண்ணை முற்றம், தானியக் கொட்டகை, டிராக்டர் நிறுத்தும் இடம். விடிவதற்கு முன்பே டிராக்டர்கள் தெருவில் இறங்கிவிடும். இருட்டிய பிறகு அதே தெரு வழியாகச் செம்மண்ணை உதிர்த்துக்கொண்டு திரும்பும். யார் இன்று எந்த வயலுக்குப் போனார், என்ன வேலை பார்த்தார், யார் வண்டி பழுதாகி நிற்கிறது என்பதெல்லாம் சமையலறை ஜன்னலில் நின்றாலே தெரிந்துவிடும்.

அந்த ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிய வருஷங்கள்தான் எனக்கு இங்கிலாந்தில் கிடைத்த நல்ல வருஷங்கள். நாட்டிங்காம்ஷயரில், நியூவார்க்குக்கும் ஆலர்ட்டனுக்கும் இடையில் இருக்கிற சின்ன ஊர் அது. என் கணவருக்கு அந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. வாடகைக்கு அகப்பட்ட வீடு லாக்ஸ்டனில் இருந்தது, போய்ச் சேர்ந்தோம். அந்த ஊரின் பெருமை எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டு முதியவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் மகள் அவரை 'டிராக்டர் தாத்தா' என்று கூப்பிடுவாள். அவர் எங்கள் எல்லாரையும், தபால்காரரையும்கூட, அந்தப் பக்கத்து வழக்கப்படி 'மீ டக்' என்றுதான் கூப்பிடுவார்.

ஊரைச் சுற்றி மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெருவயல்கள். ஒவ்வொன்றும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் வேலி இல்லாமல் விரிந்து கிடக்கும். ஆனால் எதுவும் ஒரே ஆளின் நிலம் இல்லை. நீளநீளமான துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்று வயல்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். ஒரு வருஷம் ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை என்றால், அடுத்த வருஷம் அதில் வசந்தத்தில் விதைக்கிற பயிர், மூன்றாம் வருஷம் தரிசு. மூன்று வயல்களும் மாறிமாறி இந்த வரிசையில் சுற்றிவரும். தன் துண்டில் தனக்குப் பிடித்ததைப் போடலாம் என்று யாரும் கிளம்ப முடியாது. வயல் எதற்கு என்று முறை இருக்கிறதோ அதற்குத்தான் துண்டும்.

நிலம் இப்படிச் சிதறியிருந்ததால்தான் வீடுகள் ஊருக்குள் நின்றன. மூன்று திசையிலும் நிலம் உள்ளவன் எந்தத் திசையில் போய்த் தனியாக வீடு கட்டுவான்? நடுவில் இருக்கிற தெருதான் எல்லாருக்கும் பொதுவான தூரம். சிதறலுக்கும் காரணம் உண்டு. மேட்டு நிலம் ஒருவனுக்கு, தண்ணீர் தேங்கும் பள்ளம் இன்னொருவனுக்கு என்று போய்விடாமல், நல்லதும் கெட்டதும் எல்லாருடைய பங்கிலும் கலந்து வரும். மழை மிஞ்சினாலும் காய்ந்தாலும் ஒருவன் மட்டும் மொத்தமாக அழிந்துபோக மாட்டான். கூட்டுப் புத்தி என்றால் இதைத்தான் சொல்வேன். எந்தச் சட்டமன்றமும் உட்கார்ந்து எழுதிய திட்டம் இல்லை இது. உழுதவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் ஒத்துக்கொண்டு வந்த ஏற்பாடு.

இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க இப்படித்தான் விவசாயம் நடந்தது. பிறகு வேலி வந்தது. 1604இலிருந்து 1914 வரைக்கும் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அந்தச் சட்டங்களால் வேலிக்குள் போனது. துண்டுகளை ஒன்றுசேர்த்து மொத்தமாக ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்தார்கள். பெரிய பங்கு வைத்திருந்தவர்களுக்கு அதனால் லாபம், விளைச்சலும் பல இடங்களில் கூடியது, அதை மறுக்க முடியாது. ஆனால் பொதுப் புறம்போக்கில் ஒரு பசுவை மேய்த்து, சுள்ளி பொறுக்கி, வாத்து வளர்த்துக் காலம் தள்ளிய ஏழைகளுக்குக் கையில் கிடைத்தது சொற்பம், பல பேருக்கு ஒன்றுமே இல்லை. நார்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் 1793இல் பிறந்த கவிஞர் ஜான் கிளேர் கண்ணெதிரே அவருடைய ஊர் அடைக்கப்பட்டது. அதற்கான சட்டம் 1809இல் வந்தது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை அவர். சிறுவயதில் காலார நடந்த பாதைகள் மறிக்கப்பட்ட வலியை வாழ்நாள் முழுக்க எழுதினார்.

லாக்ஸ்டன் தப்பித்ததற்கு யாருடைய தியாகமும் காரணமில்லை. ஊரில் இரண்டு பெரிய நிலச்சுவான்தார்கள் இருந்தார்கள், மான்வர்ஸ் பிரபு குடும்பமும் ஸ்கார்பரோ பிரபு குடும்பமும். யாருக்கு எந்தப் பக்கம் என்று மாற்றிக்கொள்வதில் அவர்களுக்குள் ஒத்துவரவில்லை. இழுத்துக்கொண்டே போனதில் காலம் கடந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விவசாயம் நொடித்தது. வேலிக்கும் வாய்க்காலுக்கும் செலவழிக்க அப்போது யாருக்கும் தெம்பில்லை. இரண்டு பெரிய வீடுகளின் இழுபறியில் சின்னக் குடியானவர்களின் உலகம் பிழைத்துக்கொண்டது.

அந்த உலகம் எப்படி இருந்தது என்று பார்க்க நமக்கு ஒரு படமும் இருக்கிறது. 1635இல் ஊரின் அன்றைய உடைமையாளர் சர் வில்லியம் கோர்ட்டன், மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரைக் கொண்டு லாக்ஸ்டனை அளந்து வரைய வைத்தார். இன்று அந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. எனக்குப் பார்க்கக் கிடைத்தது அதன் நகல்தான், ஆனால் அதன் முன்னால் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாக. வீடுகள், மாதா கோவில், தோட்டங்கள். அதற்கும் மேலே, அளவைக்கு எந்த விதத்திலும் தேவைப்படாத சின்னச்சின்ன மனிதர்கள். ஒருவர் ஏர் ஓட்டுகிறார். சிலர் கதிர் அறுக்கிறார்கள். வேட்டைக்குப் போகிறவர்களும் உண்டு. நிலத்தை அளக்க வந்தவருக்கு அதில் பாடுபடுகிற ஆட்களை விட்டுவிட மனசு வரவில்லை. நான் குடியிருந்த தெரு அந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது. டிராக்டர் தாத்தா அதில் விரலை வைத்து, "இதுதான் நம்ம தெரு, இங்கேதான் உங்க வீடு வரும்" என்று காட்டினார். என் குடும்பம் தலைமுறையாக அங்கே வாழ்ந்ததுபோல அவர் சொன்ன அந்த 'உங்க வீடு', வாடகை வீடுதான் என்றாலும், எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

துண்டுகள் இப்போது அந்தப் படத்தில் இருக்கிற அளவுக்குச் சின்னவை இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். அறுவடை இயந்திரம் திரும்ப இடம் வேண்டுமே. ஊர் ஒன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் இல்லை, பிழைப்பு நடக்கிற இடம். மாறாமல் நின்றது அளவு இல்லை, முறை.

அந்த முறையின் உயிர் ஜூரி நாள். நவம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமை, கோதுமை முளைத்துப் பச்சை காட்டுகிற நேரத்தில், டவ்கோட் இன் என்ற ஊர் பப்பில் ஜூரிக்காரர்கள் கூடுவார்கள். எல்லாரும் உழுகிறவர்கள். அவர்களில் ஒருவர் முதல்வர். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டி, உட்கார வைக்கோல் கட்டுகளைப் போட்டு, அந்த வருஷத்துக் கோதுமை வயலுக்குப் போவார்கள். பார்க்க விரும்புகிறவர்களும் பின்னாலேயே போகலாம். நானும் மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். மழை பெய்திருந்தால் அந்தக் களிமண் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வரப்பு இல்லை, ஒரு உழவுச் சால்தான் எல்லை. அதனால் பக்கத்து நிலத்தில் ஒரு சால் கூடுதலாக ஓட்டிவிடுவது ரொம்ப சுலபம். தெரிந்தும் நடக்கும், தெரியாமலும் நடக்கும். வயல் ஓரங்களிலும் தாழ்ந்த ஈரப் பகுதிகளிலும் 'சைக்' என்று புல்தரைகள் உண்டு. அவற்றையும் உழக்கூடாது, பாதைகளையும் தொடக்கூடாது. ஜூரி இதையெல்லாம் நடந்து பார்க்கும். ஒருவர் துண்டின் கோடியில் குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மறுகோடியைப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று கையாட்டுவார். அங்கே நிற்பவர் மர முளையை ஊன்றிச் சம்மட்டியால் அடிப்பார். சந்தேகம் வந்தால் நாலு பேரும் அதே இடத்தில் குந்திப் பார்ப்பார்கள். யாராவது புல்தரையைக் கொஞ்சம் கடித்து உழுதிருந்தால் முதல்வர் நோட்டில் குறித்துக்கொள்வார். உழுதவர் பெரும்பாலும் அங்கேயே, சேற்றில், பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

ஒரு தடவை அப்படி மாட்டியது டிராக்டர் தாத்தா. அந்த வருஷம் அவரும் ஜூரியில் இருந்தார். தன் துண்டின் கோடிக்கு வந்ததும் அவர் வாயைத் திறக்கவில்லை, மற்றவர்களும் திறக்கவில்லை. முதல்வர் குனிந்து பார்த்துவிட்டு, சைக்குக்குள் ஒரு தப்படி போல ஏர் போயிருப்பதை பூட்ஸ் முனையால் தொட்டுக் காட்டினார். தாத்தா தலையை ஆட்டினார். பப்புக்குத் திரும்பி எல்லாரும் ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு அபராதங்களைப் பேசினார்கள். சில பவுண்டுதான். தனக்கான தொகையைத் தானே முன்மொழிந்ததாக அவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். மறுநாள் அவரைத் தெருவில் பார்த்த யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கேலியும் பண்ணவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அதே பப்பில் 'கோர்ட் லீட்' என்ற ஊர் நீதிமன்றம் கூடும். எஸ்டேட்டின் சார்பில் ஒரு ஸ்டூவர்டு தலைமை தாங்குவார். ஜூரி கண்டதைச் சொல்லும், ஆட்சேபம் இருந்தால் பேசலாம், அடுத்த வருஷக் கோதுமை வயலுக்குப் புது ஜூரியைப் போடுவார்கள். இது சுற்றுலாவுக்காகப் போடுகிற வேஷம் இல்லை. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த இந்த மாதிரி நீதிமன்றங்களின் அதிகாரத்தை 1977ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. பல ஊர்களில் இன்று சடங்கு மட்டும் மிச்சம். லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்கு அளித்து அதிகாரத்தை விட்டுவைத்தார்கள், ஏனென்றால் அங்கே அதற்கு வேலை இருந்தது.

எனக்கு ஏக்கமாக இருப்பது இதுதான். அழகான கிராமங்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு, லாக்ஸ்டனைவிட அழகானவையே ஏராளம். வருஷத்தில் ஒரு நாள் அண்டை அயலார் எல்லாரும் சேர்ந்து, ஒருவர் எல்லையை ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, அங்கேயே பேசித் தீர்த்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஊரில் நான் இருந்தேன். இப்போது நாங்கள் இருப்பது லண்டனின் புறநகரில். போன குளிர்காலக் காற்றில் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த மரவேலி சாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரரோடு நான் அதுவரை இரண்டு வாக்கியம்கூடப் பேசியதில்லை. வேலி யாருடைய பொறுப்பு என்று அவர் கதவுத் துளையில் ஒரு கடிதம் போட்டார். நாங்களும் கடிதத்திலேயே பதில் எழுதினோம். வரப்புத் தகராறு எங்கேயும் வரும். அதைத் தீர்க்க முகத்துக்கு முகம் ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிற ஊர் எனக்கு அந்த ஒன்றுதான் தெரியும்.

கோடையில் அதே சைக்குகள் பார்க்க வேறு மாதிரி இருக்கும். உழவும் ரசாயன உரமும் படாமல் கிடந்த புல்தரை அது, அதனால் மற்ற இடங்களில் அரிதாகிவிட்ட பூச்செடிகள் அங்கே பிழைத்திருக்கின்றன. பாதுகாக்கப்பட்ட இடமாக அரசாங்கமே அறிவித்திருக்கிறது. ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்து, வண்ணத்துப்பூச்சி மொய்க்கும். வைக்கோலுக்கு அறுக்கிற பருவம் வந்ததும் அந்தப் புல்லை ஏலம் விடுவார்கள். அதுவும் ஊர் கூடி நடக்கிற காரியம். உழக்கூடாது என்று நவம்பரில் ஜூரி காத்த துண்டுகள்தான் ஜூலையில் அந்தப் பூக்கள். என் மகள் முழங்கால் உயரப் புல்லில் ஓடுவாள், வயல் நண்டு தேடுகிற மும்முரத்தோடு வெட்டுக்கிளி தேடுவாள்.

மாதா கோவிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊரைச் சொன்னதாகாது. செயின்ட் மைக்கேல் ஆலயம், ஊரளவுக்குப் பெரியது. உள்ளே எவரிங்காம் குடும்பத்தின் படுத்த நிலைச் சிலைகள். அந்தக் குடும்பத்தார் ஒரு காலத்தில் ஷெர்வுட் காட்டின் காவல் அதிகாரிகள். கல் சிலைகளுக்கு நடுவே ஓக் மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணும் படுத்திருக்கிறாள். அத்தனை நூற்றாண்டில் மரம் வெடித்து, முகம் தேய்ந்து, கூப்பிய கைகள் மட்டும் தெளிவில்லாமல் தெரியும். நான் கோவிலுக்குப் பூ அலங்காரம் பண்ணுகிற முறைக்காரப் பெண்களோடு சேர்ந்துகொண்டேன். கிறிஸ்தவள் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை, ஜாடியில் தண்ணீர் மாற்ற மறக்காதே என்று மட்டும் சொன்னார்கள். அறுவடைத் திருவிழாவின்போது கோதுமைக் கதிர்க்கட்டுகளை நாங்கள்தான் தூண்களில் கட்டுவோம். அந்தக் கதிர் எந்த வயலிலிருந்து வந்தது என்று கட்டுகிற எல்லாருக்கும் தெரியும்.

கோவிலுக்கு வடக்கே நார்மன் காலத்துக் கோட்டை மேடு. கல்லெல்லாம் போய்விட்டது. மண்மேடும் அகழியும் புல் மூடி நிற்கின்றன, அதன் மேல் ஆடுகள் மேயும். ஊருக்குள் ஒரு பவுண்டும் உண்டு. அடுத்தவர் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைத்து வைக்கிற அந்தச் சுவர்க் கட்டை இன்னும் இடிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊர் பிழைத்திருப்பது தானாக நடந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1952இல் ஆறாவது மான்வர்ஸ் பிரபு, இந்த முறை தொடர வேண்டும் என்பதற்காகவே ஊரை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது அரச உடைமை நிர்வாகமான கிரவுன் எஸ்டேட் கைக்குப் போனது. 2018இல் கிரவுன் எஸ்டேட் விற்கப்போவதாகச் சொன்னபோது நாங்கள் லண்டனுக்கு வந்துவிட்டிருந்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுமனை போடுகிற யாராவது வாங்கிவிட்டால்? குத்தகைக்காரர்களை ஒவ்வொருவராகக் காலி பண்ணிவிட்டால்? கோதுமையைவிட லாபமான எதையாவது யாராவது யோசித்துவிட்டால்? 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது என்று செய்தி வந்தது. மான்வர்ஸ் பிரபுவின் பழைய குடும்ப எஸ்டேட்தான் அது, பக்கத்திலேயே இருப்பது. அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

ஆனாலும் பயம் முழுசாகப் போகவில்லை. வயலைக் காப்பாற்ற உடைமையாளர் மனசு வைத்தால் மட்டும் போதாது. சிதறிய துண்டுகளில், பொது முறைக்குக் கட்டுப்பட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தரிசு போட்டு விவசாயம் பண்ண ஒத்துக்கொள்கிற இளைஞர்கள் வேண்டும். எஸ்டேட் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒரே சதுரமாக நிலம் இருந்தால் வசதி. டீசல் செலவு குறையும், இயந்திரம் சுற்றிச் சுற்றித் திரும்ப வேண்டியதில்லை. அந்த வசதியை வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு தலைமுறையிலும் சில குடும்பங்கள் முன்வந்ததால்தான் லாக்ஸ்டன் இருக்கிறது. அவர்களுக்குக் குத்தகையில் சலுகையும், தரிசு வருஷத்து நஷ்டத்துக்கு ஈடும் அரசாங்கம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அரண்மனைக்கும் தேவாலயத்துக்கும் செலவழிக்கிற நாடு, உழுகிறவர்கள் தங்களைத் தாங்களே ஆண்ட கடைசி வயலுக்குச் செலவழிக்கத் தயங்கக்கூடாது.

டிராக்டர் தாத்தாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. தொலைபேசியில் நான் கத்த வேண்டும். ஊர் கைமாறியதைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். வயலைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு வளரும். தெற்கு வயலின் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதாம், விதைப்பு தள்ளிப்போகிறதாம். பேரனை ஜூரியில் போட்டிருக்கிறார்களாம், முதல் தடவை. சம்மட்டியை அவன் கையில் கொடுத்தார்களா என்று கத்திக் கேட்டேன். முதல் வருஷம் முளை தூக்குகிற வேலைதான் என்றார்.